தில்லிக் குளிரில் மூக்கடைப்பும் உடல் மந்தமும்: திரிகடுகம் போதுமா?

நவம்பர் 4. துவாரகாவிலிருந்து ஒரு கேள்வி

சொந்த ஊர் திருப்பூர். வேலை மாற்றலாகித் துவாரகா வந்திருக்கிறேன், இது முதல் குளிர்காலம். தீபாவளி முடிந்ததிலிருந்து மூக்கடைப்பு, தலைப்பாரம். காலையில் எழுந்திருக்க முடியவில்லை, மதியம் அலுவலகத்தில் கண் சொருகுகிறது. அம்மா சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவில் இடித்துச் சலித்துத் திரிகடுகப் பொடியாக அனுப்பியிருக்கிறார். காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டதும் அரை மணி நேரம் தேவலை, பிறகு பழைய கதைதான். அளவைக் கூட்டலாமா? மார்ச் வரை விடாமல் சாப்பிடலாம் என்று இருக்கிறேன். தில்லியில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 4, இரவு

கூட்ட வேண்டாம், தம்பி. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். மூக்கைச் சிந்தினால் என்ன வருகிறது? நீராக ஒழுகுகிறதா, மஞ்சளாகக் கெட்டியாக வருகிறதா, எதுவும் வராமல் உள்ளே பொருக்குக் கட்டி எரிகிறதா? இதைக் கேட்காமல் சளிக்கு மருந்து சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் தொடங்கி இப்போது மயூர் விஹார் வரை, தில்லிக் குளிர்காலங்களை மூக்கால் அளந்தவள். வைத்தியர் இல்லை.

நவம்பர் 5

"பொருக்குதான், எரிச்சல்தான், சில நாள் ரத்தக் கீற்றும் வருகிறது" என்கிறீர்கள். அப்படியானால் அம்மாவின் பொடியில் குறை இல்லை, அது வந்து சேர்ந்த ஊரில்தான் குறை. ஐப்பசி மழையில் திருப்பூரில் பிடிப்பது ஈரச் சளி. மூக்கு ஒழுகும், நெஞ்சில் கட்டும், நாக்கில் வெள்ளை படியும், பசி மடங்கும். வைத்தியர்கள் கபம் என்று சொல்வது அதைத்தான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் உஷ்ணம், சளியை உலர்த்தும். ஈரச் சளிக்கு இதை மிஞ்சிய கைமருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் மூக்கோ புகையில் காய்ந்து புண்ணாகிக் கிடக்கிறது. அதற்குத் திரிகடுகம் கொடுப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற கதை. அந்த அரை மணி நேர நிம்மதி, காரத்துக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வருவதால் கிடைப்பது. ரசத்தில் மிளகு தூக்கலாக விழுந்தாலும் அதே நிம்மதி கிடைக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு இந்தியாவில் ஒரு நாள் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது 15. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் தில்லி இரண்டையும் பல மடங்கு தாண்டிப் போகிறது. அந்தத் துகளைக் கரைத்து வெளியே அனுப்பும் மூலிகை எதுவும் கிடையாது. "நுரையீரலைக் கழுவும் கசாயம்" என்று புட்டியில் விற்கிறார்கள். அந்தக் காசுக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் நல்ல கவசம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பரில் நான் செய்வது இவ்வளவுதான். வெளியே போய்விட்டு வந்ததும் உப்பு நீரில் மூக்கைக் கழுவுவேன். படுக்கும் முன் சுண்டுவிரலில் நல்லெண்ணெய் தொட்டு இரு நாசியின் உட்புறமும் தடவிக்கொள்வேன். ஆயுர்வேதத்தில் இதைப் பிரதிமர்ச நஸ்யம் என்பார்கள். அணு தைலம் என்ற மூலிகை எண்ணெயிலும் செய்வதுண்டு. தடவினால் போதும், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் அது தனி வம்பு. சளி புதிதாகப் பிடித்து ஒழுகும் நாட்களில் நஸ்யமே வேண்டாம் என்பது பழைய விதி. தொண்டை எரிந்தால் அதிமதுரத் துண்டைத் தட்டி வெந்நீரில் ஊறவிட்டுக் குடிப்பேன்.

நவம்பர் 5, பிறகு நினைவு வந்தது

மூக்குக் கழுவ ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரை நேராக ஊற்றுகிறவர்கள், மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா பற்றிக் கேரளத்திலிருந்து வந்த செய்திகளை ஒருமுறை படித்துவிட்டு ஊற்றட்டும்.

நவம்பர் 8

"இயற்கை மருந்துதானே அம்மா, பக்கவிளைவு கிடையாதே" என்று ரோகிணிப் பகுதிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். எருக்கம்பாலும் இயற்கைதான்.

மார்ச் வரை தினமும் திரிகடுகம் என்ற திட்டத்துக்கு முதல் எதிர்ப்பு அலோபதி மருத்துவரிடமிருந்து வரவில்லை, ஆயுர்வேத ஆசான் சரகரிடமிருந்தே வந்திருக்கிறது. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் முதல் அத்தியாயத்தில் மூன்று பொருள்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்தாதே என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்: திப்பிலி, க்ஷாரம் (செடிச் சாம்பலில் எடுக்கும் உப்பு), உப்பு. உப்பை எல்லாரும் ஒப்புக்கொள்வோம். திப்பிலி அந்த வரிசையில் முதலில் நிற்கிறது என்பதைச் சூரணம் விற்பவர் யாரும் சொல்வதில்லை. சில நாள் கொடு, வேலை முடிந்ததும் நிறுத்து என்பதுதான் அதன் முறை.

இக்காலக் கணக்கும் இருக்கிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மற்றப் பொருள்களை உடல் உறிஞ்சும் அளவைக் கூட்டுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் மஞ்சள் சத்தோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. அதே பைப்பரின் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினையும் வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கரண்டிக் கணக்கில் திரிகடுகம் விழுங்குவதற்கு முன் மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ரசத்து மிளகுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

நவம்பர் 9

கரோல் பாக் முன்னாள் ராணுவத்தார் ஒருவர், கேண்டீன் ரம்மில் மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் கலந்தால் மூக்கும் திறக்கும் மனமும் திறக்கும் என்கிறார். மனம் திறப்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அண்ணா, மது மூக்கின் உட்சவ்வை வீங்க வைக்கும். நடுநிசியில் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தது யார் என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள்.

நவம்பர் 13

எங்கே வாங்குவது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். முனிர்காவிலும் ஐ.என்.ஏ. சந்தையிலும் நம் ஊர்ச் சாமான் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். நான் பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லிக்குத்தான் போவேன். சாந்தினி சவுக் மெட்ரோவில் இறங்கி ஃபதேபுரி மசூதிப் பக்கம் நடந்தால் மூக்கே வழிகாட்டும். மிளகாய் மூட்டைகள் குவிந்திருக்கும் கடோடியா சந்தைக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் வாங்குபவர், விற்பவர், மூட்டை தூக்குபவர் எல்லாரும் இருமிக்கொண்டிருப்பார்கள். சளி மருந்து வாங்கப் போகிற இடத்தில் ஊரே தும்முகிறது.

சுக்கை ‘சோண்ட்’ என்றும், திப்பிலியைச் ‘சோட்டி பீபல்’ என்றும், அதிமதுரத்தை ‘முலேட்டி’ என்றும் கேளுங்கள். பொடியாக வாங்காதீர்கள். முழு மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், பொடியில் யார் கண்டது? திப்பிலியை ஒடித்துப் பாருங்கள். உள்ளே புழு அரித்த தூள் கொட்டாமல் டக்கென்று முறிய வேண்டும். நுனி நாக்கில் வைத்தால் முதலில் லேசாக இனித்து, பிறகு காரம் ஏறி, நாக்கு மரத்துப்போகும். வெறும் காரம் மட்டும் இருந்தால் அது பழைய சரக்கு.

இந்த முறை அங்கே ஜோஷாந்தா என்ற சளிக் கசாயச் சரக்கைக் கட்டும் கடைக்காரரோடு பேச்சு வளர்ந்தது. பனஃப்ஷா பூ, உன்னாப் எனும் இலந்தை வகைப் பழம், லசோடா என்கிற நம் நறுவிலி, முலேட்டி எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவது. இது யுனானி, ஆயுர்வேதம் இல்லை. ஆனால் பொருள்களைப் பாருங்கள். நறுவிலி பசை விடும், இலந்தை இளக்கும், அதிமதுரம் தொண்டையைப் பூசும். காரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பழைய தில்லிக்காரர்கள் தங்கள் ஊர்க் காற்றை அறிந்து காய்ச்சியிருக்கிறார்கள். நாம் மூன்று பக்கமும் கடல் உள்ள தேசத்தின் தென்கோடி மருந்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, இங்கே ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறோம். கரோல் பாக் திப்பியா கல்லூரியில் ஆயுர்வேதமும் யுனானியும் ஒரே வளாகத்தில்தான் கற்பிக்கிறார்கள். ஹக்கீம் அஜ்மல் கான் தொடங்கியது. 1921இல் காந்தி திறந்துவைத்தது. நம் வீட்டு அடுக்களையிலும் இரண்டுக்கும் இடம் இருக்கட்டுமே.

நவம்பர் 14

சுக்கு பற்றி. புற நஞ்சு என்று பாட்டிமார் சொல்வார்கள். தோலை நீக்காமல் பயன்படுத்த மாட்டார்கள். காரி பாவ்லியில் இரண்டு விதமாக வைத்திருப்பார்கள். வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பது சுண்ணாம்பு பூசி வெளுத்தது. பழுப்பாக, சுருக்கம் விழுந்து, அழுக்குப் போலத் தெரிவதுதான் நமக்கு வேண்டியது. அதைத் துடைத்து, கத்தியின் பின்புறத்தால் சுரண்டினால் தோல் மெல்லிய செதிலாக உதிரும். இளஞ்சூட்டில் வறுத்து, சூடு இருக்கும்போதே இரும்பு உரலில் தட்ட வேண்டும். ஆறிவிட்டால் நார் உலக்கையைச் சுற்றிக்கொண்டு பிடிவாதம் செய்யும். மிக்ஸியில் போட்டால் நார் பஞ்சாகி மேலே நிற்கும், அடியில் கொஞ்சம் தூள் இருக்கும். துணியில் சலித்த பிறகு மிஞ்சும் நாரைக் கொட்டிவிடாதீர்கள், காப்பிக்கு ஆகும்.

நவம்பர் 20

ஐந்தாம் தேதி எழுதியதைக் கொஞ்சம் இளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் அடுக்ககத்து மாமா ஒருவர், தைலம் போட்டு ஆவி பிடித்தால்தான் அவருக்கு உறக்கம் வருகிறது என்றும், நான் அதைக் காரத்தின் மாயம் என்று தள்ளுவது நியாயமில்லை என்றும் சண்டைக்கு வந்தார்.

தைலத்திலுள்ள மென்தால் மூக்கின் அடைப்பைக் குறைப்பதில்லை என்பது அளந்து பார்த்த விஷயம். காற்று போகும் வழி அதே குறுகலில்தான் இருக்கும்; குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால் தாராளமாக மூச்சு விடுவதுபோல் தோன்றும். சாதாரணச் சளிக்கு ஆவி பிடிப்பதைப் பற்றிய ஆய்வுத் தொகுப்புகளும் உறுதியான பலன் என்று எதையும் காட்டவில்லை. ஆனால் மாமா கேட்டது ஆய்வை இல்லை, உறக்கத்தை. தோற்றமாகவே இருக்கட்டும், அந்தத் தோற்றத்தில் ஒருவர் ஆறு மணி நேரம் உறங்குகிறார் என்றால் அதைக் கெடுக்க நான் யார்? வெறும் நீர் ஆவி காய்ந்த மூக்குக்கு இதமானது என்பதும் உண்மை. நொச்சி கிடைத்தால் போடுங்கள், வாசனையாவது இருக்கும்.

தம்பியின் அரை மணி நேர நிம்மதிக்கும் இதே நியாயம் பொருந்தாதா என்று கேட்பீர்கள். ஆவி புண்ணை எரிக்காது, திப்பிலி எரிக்கும். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்து ஆவி பிடிக்காதீர்கள். கற்பூரத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகிலும் நெஞ்சிலும் தடவுகிற வழக்கத்தை அடியோடு விடுங்கள், வலிப்பு வரக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

நவம்பர் 21

அப்படிப் போடுங்கள்! இத்தனை நாள் கழித்துத் தம்பி இப்போதுதான் சொல்கிறார், தீபாவளியிலிருந்து மருந்துக்கடைச் சொட்டு மருந்தைத் தினமும் இரவில் மூக்கில் விட்டுக்கொள்கிறாராம். "அது சாதாரணச் சொட்டு மருந்துதானே, அதனால் எழுதவில்லை."

தம்பி, ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று லேபிளில் இருந்தால், அது மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போடக்கூடாத மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறந்துவிடும். வேகம் இறங்கியதும் முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி போடத் தோன்றும். இந்தச் சுழலுக்குள் இருக்கும்வரை அம்மாவின் பொடியும் சரி, என் நல்லெண்ணெயும் சரி, ஒன்றும் செய்ய முடியாது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், நிறுத்துவதற்கு அவரிடம் வழி இருக்கிறது. நிறுத்திய சில நாள் அடைப்பு கடுமையாக இருக்கும், பயந்து மறுபடி புட்டியைத் தொடாதீர்கள்.

டிசம்பர் 3

மந்தத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. கேள்வியில் பாதி அதுதான். மூக்கைத் திறந்துவிட்டால் சோம்பலும் ஓடிவிடும் என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். சில சமயம் உண்மை. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டவருக்குப் பகலில் கண் சொருகத்தான் செய்யும்.

ஆயுர்வேதம் மந்தத்தை வயிற்றில் தேடுகிறது. அக்கினி தணிந்தால் சாப்பிட்டது செரிக்காமல் ஆமமாகத் தேங்கும், உடல் கனக்கும், நாக்கு தடிக்கும் என்கிறது. நாக்கில் படிவு, காலையில் பசியின்மை, மலச்சிக்கல் மூன்றும் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும். அதற்குச் சூரணம் தேடுவதற்கு முன் இரவு உணவைப் பாருங்கள். தில்லிக்கு வந்ததும் நம் பிள்ளைகள் இரவு பத்து மணிக்கு மேல் பராட்டாவும் பனீரும் சாப்பிட்டுவிட்டு ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துவிடுகிறார்கள். எட்டு மணிக்குள் ரசமோ கஞ்சியோ சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் இஞ்சித் துண்டு, கல்லுப்பு தொட்டு. மலச்சிக்கலுக்குக் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா, படுக்கும் முன் வெந்நீரில். இவ்வளவில் போகிற மந்தம் போய்விடும்.

போகாத மந்தமும் உண்டு. மருந்துக்கடைக்காரர் கொடுத்த செட்ரிசின் எனும் ஒவ்வாமை மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு மதியம் தூக்கம் வருகிறதே என்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 குறையும், பெண்களுக்கு ரத்தச்சோகை, யாருக்கும் தைராய்டு. இவை எதற்கும் திரிகடுகம் விடை சொல்லாது. ரத்தப் பரிசோதனை ஒரு காலை வேலை, செய்துவிடுங்கள். குளிருக்கு அறையை அடைத்துக்கொண்டு அங்கீட்டி எனும் கணப்படுப்பில் கரி மூட்டி வைத்திருக்கும் வீட்டில் தலைப்பாரமும் மயக்கமும் வந்தால், அது சளியே இல்லை. கார்பன் மோனாக்சைடு. உடனே கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். ஒவ்வொரு குளிர்காலமும் தில்லியில் இதனால் சாகிறார்கள்.

தொண்டையில் எப்போதும் சளி நிற்பது போலிருக்கிறது, கனைத்தாலும் வரவில்லை என்று லக்ஷ்மிபாய் நகர் அம்மா எழுதியது: நெஞ்செரிச்சல் உண்டா என்று பாருங்கள். வயிற்று அமிலம் மேலே ஏறினாலும் இப்படித்தான் இருக்கும். அதைச் சளி என்று எண்ணிச் சுக்குக் கசாயம் குடித்தால் எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைத்த மாதிரி. 2020இல் ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கசாயத்தில் துளசி 4 பங்கு, பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. துளசிக்குத்தான் முதல் மரியாதை. நம்மவர்கள் அதைத் தலைகீழாக்கி, மிளகைக் கையில் அள்ளிப் போட்டு வேளைக்கு வேளை குடித்து, கோவிட் வராமல் வயிற்றுப்புண்ணோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

டிசம்பர் 15

இப்போது எனக்கே பிடித்திருக்கிறது, அசல் ஈரச் சளி. பேரனின் பள்ளி கொடுத்த பரிசு. மூக்கு குழாயாக ஒழுகுகிறது, நெஞ்சில் கட்டு, நாக்கு வெள்ளை. ஆகவே திரிகடுகம் வெளியே வந்துவிட்டது! சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை. ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக முடியாத குறை சுக்கோடு தீரட்டும்.

கேட்டவர்களுக்கு என் முறை: இரண்டு டம்ளர் நீரில் ஆடாதோடை இலை இரண்டைக் கிள்ளிப் போட்டு, தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு நாலைந்து, திப்பிலி ஒன்று. பாதிக்கும் கீழாகச் சுண்டியதும் வடிகட்டி, குடிக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு தேன். கொதிக்கக் கொதிக்கத் தேன் விடுவதை ஆயுர்வேதம் ஒப்புவதில்லை. கசப்பு நாக்கின் அடிவரை இறங்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிவிட வேண்டியதுதான். சில நாள் போதும், ஒழுகல் நின்று கெட்டிப்பட்டதும் நிறுத்திவிடுவேன்.

ஆடாதோடையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை வைத்து ஆராய்ந்துதான் புரோம்ஹெக்சின் உருவானது. உடலில் புரோம்ஹெக்சின் மாறுவதால் கிடைப்பது அம்ப்ராக்ஸால். மருந்துக்கடை இருமல் சிரப்புகள் பலவற்றில் இந்தப் பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். இந்தியில் ‘அடூஸா’ என்பார்கள், ரிட்ஜ் காட்டிலும் பூங்காக்களிலும் புதராக மண்டிக் கிடக்கிறது. சாலையோரத்துச் செடியில் பறிக்காதீர்கள், இலையின் மேல் நகத்தால் கோடு போடலாம், அவ்வளவு தூசு. தொட்டியில் வைத்தால் தில்லிக் குளிரைத் தாங்கும். கற்பூரவல்லிதான் ஜனவரியில் தலை சாய்த்துவிடும், அதை இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடைப் பக்கமே போகக் கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும்.

பத்து நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, கன்னத்தை அழுத்தினால் வலித்துக் காய்ச்சலும் அடித்தாலோ கசாயப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஜனவரி 6

அதிமதுரத்துக்கு ஒரு வேலி போட வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் குளிர்காலம் முழுதும் முலேட்டியை வாயில் அடக்கிக்கொண்டே இருப்பார். கால் வீங்கி, ரத்த அழுத்தம் மாத்திரைக்கும் அடங்கவில்லை. மருத்துவர் விசாரித்து முலேட்டியை நிறுத்தச் சொன்ன பிறகுதான் இறங்கியது. அதிலுள்ள கிளைசிரைசின் உப்பையும் நீரையும் உடலில் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும். ரத்த அழுத்தக்காரர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் தொட வேண்டாம். மற்றவர்களுக்குத் தொண்டை எரியும் நாலு நாளைக்குச் சரி.

இன்னொன்று, சிதோபலாதி சூரணம். வறட்டு இருமலுக்கு நல்ல மருந்து, காரம் குறைவு, திரிகடுகத்தைவிட இந்த ஊருக்கு ஏற்றது. ஆனால் பங்கைப் பாருங்கள்: கற்கண்டு 16, மூங்கிலுப்பு 8, திப்பிலி 4, ஏலம் 2, பட்டை 1. மொத்தம் 31 பங்கில் 16 சர்க்கரை. நீரிழிவுக்காரர்கள் அதைத் தேனிலும் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்கிறார்கள்.

சீந்தில் பற்றிக் கேட்டவருக்கு: 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததைப் பதிவு செய்தார்கள். அது சீந்தில் இல்லை, அதே சாயலுள்ள வேறு கொடியாக இருக்கும் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், கடையில் தண்டைப் பார்த்து இனம் பிரிக்க எனக்குத் தெரியாது. ஆகவே வாங்குவதில்லை. பாதரசம் சேர்ந்த ரச மருந்துகளையும் நானாக வாங்க மாட்டேன். பாஸ்டன் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததாக 2004இல் வெளியானது. அடுக்களையில் உள்ளதை வைத்துச் செய்துகொள்வது ஒன்று, புட்டியில் வருவது வேறு. சூரணத்துக்கு மேல் எதுவானாலும் படித்த வைத்தியர் எழுதிக் கொடுக்கட்டும். சரிதா விஹாரில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மார்ச் 9

துவாரகா தம்பி எழுதியிருக்கிறார். சொட்டு மருந்தை நிறுத்திய முதல் வாரம் நரகமாம், பிறகு மூக்கு திறந்துவிட்டது. ரத்தத்தில் பி12 குறைவு என்று ஊசி போட்டிருக்கிறார்கள், மதியத் தூக்கம் பெரிதும் குறைந்திருக்கிறது. அம்மாவின் பொடி டப்பாவோடு அப்படியே இருக்கிறதாம். "இப்போது மறுபடி தும்மல், கண் அரிப்பு. திரிகடுகத்தைத் தொடங்கலாமா?"

ஆயுர்வேதக் கணக்குப்படி வசந்த காலம் கபம் உருகி வழியும் பருவம்தான், ஆசை நியாயம். ஆனால் கண் அரிக்கிறது என்றால் நான் பூந்தாதைத்தான் சந்தேகிப்பேன். மார்ச்சில் பாப்ரி மரம் பூக்கிறது. ரிட்ஜ் முழுக்கச் சீமைக் கருவேலம் நிற்கிறது. நம் ஊர்க் கண்மாய்களை விழுங்கிய அதே மரம், இங்கேயும் வந்து நம் மூக்கைப் பிடிக்கிறது. காலை நடையைத் தள்ளிப்போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முகமும் மூக்கும் கழுவுங்கள், ஒவ்வாமைக்கு மருத்துவர் கொடுக்கும் மருந்தைச் சாப்பிடுங்கள், மறுபடி சொட்டு மருந்தை நீங்களாக வாங்காதீர்கள்.

பொடியை என்ன செய்வது என்றால், இடித்து நாலு மாதம் ஆகிவிட்டது, மணம் பாதி போயிருக்கும். கொட்ட மனம் வராவிட்டால் ரசத்துக்கும் மோருக்கும் போட்டுத் தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை அம்மாவிடம் இடிக்காமல் முழுதாக அனுப்பச் சொல்லுங்கள். ஈரச் சளி வரும்போது வேண்டிய அளவு இடித்துக்கொள்ளலாம்.